காலிக் கட்டத்தில் ஒரு சைபர்

தயிர்சாத டப்பாவைத் திறந்து மூடியை மேசைமேல் கவிழ்த்து வைத்த நேரத்தில்தான் லேபிலிருந்து சேவியர் கூப்பிட்டார். "மேடம், ஏழாம் பெட் நாச்சிமுத்து. பிளட் கல்ச்சர் ரெண்டு பாட்டில்லயும் ஈஸ்ட் மேடம். மொட்டு விட்டுக்கிட்டு நல்லாத் தெரியுது. போட்டோ அனுப்பட்டுங்களா?" வேண்டாம் என்றாள் சாருமதி. போனை வைக்குமுன் அனுப்புங்க என்றாள். படம் வந்தது. இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள், பெரிதாக்கினால் வேறு ஏதாவதாக மாறிவிடும் என்பதுபோல. மாறவில்லை. ஊதா நிறத்தில் உருண்டை உருண்டையாக, ஒவ்வொன்றின் தோளிலும் ஒரு குட்டி உருண்டை. பூஞ்சை. நாச்சிமுத்துவின் ரத்தத்தில் பூஞ்சை ஓடிக்கொண்டிருக்கிறது, இன்று நேற்றல்ல, அந்தப் பாட்டில்களில் ரத்தம் எடுத்த அன்றைக்கே ஓடியிருக்கிறது, அதற்கு முன்னாலும் ஓடியிருக்கும். அதற்கான மருந்து இந்த நிமிஷம் வரைக்கும் அவர் உடம்பில் ஒரு சொட்டு ஏறவில்லை. ஏற்ற வேண்டாம் என்று சொன்னவள் இதோ தயிர்சாதத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தலைமை டாக்டர். ஜூனியர் டாக்டர் ரெஹானாவைப் போனில் கூப்பிட்டு, மருந்தை உடனே ஆரம்பி, கழுத்து லைனை எடுத்துட்டு வேற போடு, கண் டாக்டரைக் கூப்பிடு என்றாள். குரல் சரியாகத்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் குரலை மட்டும் நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறாள். நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம். நாலு மணிக்கு நாச்சிமுத்துவின் மனைவி துளசிமணி பேசுகிற அறையில் வந்து உட்காருவாள், இன்னைக்கு எப்படி இருக்காருங்க மேடமுங்க என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு முன்னால் இந்தச் சோற்றைச் சாப்பிட வேண்டும்.

சாப்பிட முடியவில்லை. காலையில் கலந்தது கொஞ்சம் புளித்திருந்தது. கோடையில் புளிக்காமல் என்ன செய்யும், அதுவும் உயிருள்ள பண்டம்தானே. ராத்திரி ஆட்டி வைத்த மாவு காலையில் பாத்திரத்தின் மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல, இந்த ஈஸ்ட்டும் யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து போட்டதில்லை. அது எல்லார் வாயிலும் வயிற்றிலும் இருப்பது. சாருமதியின் வயிற்றில் இருக்கிறது, துளசிமணி வயிற்றில் இருக்கிறது, சும்மா சாதுவாக ஓரத்தில் கிடக்கும். மற்றக் கிருமிகளையெல்லாம் நாமே ஆன்டிபயாடிக் கொடுத்து ஒழித்துக் கட்டிவிட்டால், குடலையும் ஆபரேஷனில் வெட்டித் தைத்துவிட்டால், கழுத்து நரம்பில் ஒரு குழாயும் செருகி அது வழியாகச் சர்க்கரையும் கொழுப்பும் ஊட்டிவிட்டால், பிறகு அது ஏன் ஓரத்திலேயே கிடக்கப் போகிறது? இதையெல்லாம் அவள் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், இதே மாவு உதாரணத்தோடு, அவர்கள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். மாவு உதாரணம் நல்ல உதாரணம். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு களை வந்துவிடும் அவளுக்கு, அது அவளுக்கே தெரியும். இப்போது அந்தக் களையை நினைத்தால் டப்பாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம்போல இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், இவ்வளவு கொஞ்சம் சோற்றில் எந்தப் பூசணிக்காயை மறைப்பது.

இரண்டு. நாச்சிமுத்துவுக்கு வந்த மார்க் இரண்டு. மூன்று வந்தால் மருந்து, இரண்டு என்றால் பொறு. இந்தக் கணக்கை உண்டாக்கியவளே அவள்தான். செப்சிஸ் என்று உள்ளே வருகிறவர்கள், கிருமி ரத்தத்தில் விஷமாகி உறுப்பெல்லாம் ஒவ்வொன்றாகச் சோர்ந்துபோகிறவர்கள், அவர்களில் யாருக்குப் பூஞ்சையும் சேர்ந்து ரத்தத்தில் இறங்கப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லும் கணக்கு. வயிற்றில் ஆபரேஷனா, ஒரு மார்க். பல ஆன்டிபயாடிக்கா, ஒரு மார்க். நரம்பு வழியாகச் சாப்பாடா, அதற்கு இரண்டு மார்க், ஏனென்றால் பூஞ்சைக்கு அதைவிடப் பிடித்த விருந்து கிடையாது. அதற்கு முன்னால் இங்கே என்ன நடந்தது என்று யாராவது நினைத்துப் பார்க்கிறார்களா? காய்ச்சல் இறங்காத எல்லாருக்கும் பயத்தில் பூஞ்சை மருந்து போட்டுக்கொண்டிருந்தார்கள், கல்லீரல் கெட்டவர்கள் உண்டு, போதாக்குறைக்கு மருந்துக்கு மசியாத பூஞ்சை ஒன்று வார்டிலேயே குடியேறி நாலு பேரைத் தின்றது. அதை நிறுத்தியது அவள் கணக்கு. அது பொய்யில்லை, அது நல்ல காரியம், அதை யாரும் அவளிடமிருந்து பிடுங்க முடியாது. மதுரையில் மாநாட்டு மேடையில் அதைச் சொன்னபோது பின்வரிசையில் எழுந்து நின்று கைதட்டினார்கள். பயிற்சி டாக்டர்கள் அதற்கு மேடம் ஸ்கோர் என்றே பேர் வைத்துவிட்டார்கள், அவள் அதைக் கண்டிப்பதுபோல் கண்டித்து அப்படியே விட்டுவிட்டாள். நல்ல காரியத்தின் நடுவில் ஒரு சொத்தை இருந்தது. அது அவளுக்கு மட்டும் தெரியும், இல்லை, எண்களைக் கூட்டிக் கொடுத்த புள்ளியியல் வாத்தியாருக்கும் தெரியும், பாவம் அவர் அன்றைக்கே கேட்டார்.

அவர் கேட்டபோது அவள் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தாள். சிங்காநல்லூர் மண்டபம், நாத்தனார் பெண்ணின் கல்யாணம், இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாகிவிட்டது. போன் அடித்தது. மேடம், பழைய கேஸ் ஷீட்டிலிருந்து நீங்க எடுத்துக் குடுத்ததுல நெறையக் கட்டம் காலியா இருக்குங்களே, வேற ஆஸ்பத்திரியில இருந்து வந்தவங்களுக்கு அங்க நரம்பு வழியா சாப்பாடு போச்சா, கழுத்துல லைன் இருந்துச்சா, எத்தனை நாள், ஒண்ணுமே இல்லை, இதை எப்படி எடுத்துக்கறதுங்க? அவருடைய குரலுக்குப் பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. இவள் பக்கம் நாதஸ்வரம். பக்கத்து இலைக்காரி இவள் முழங்கையைத் தொட்டு, பாயசம் வருது பாருங்க என்றாள். அங்கிருந்து வருகிற சீட்டுகளை நம்ப முடியாது, பாதியில் எழுத்தே புரியாது, பாதி வராது, அதை எதிர்பார்த்தால் ஆராய்ச்சி முடிந்தாற்போலத்தான் என்று அவளுக்குத் தோன்றியது, அதுவும் உண்மைதான். சைபர் போட்டுக்கோங்க சார் என்றாள். சைபருங்களா? அவர் கொஞ்சம் தயங்கினார், தெரியாதுங்கறதுக்குத் தனியா ஒரு குறி வச்சுக்கலாமுங்களே மேடம், என்றார். கணக்கு சிக்கலாகும் சார், நம்ம வாசலுக்குள்ள வந்ததுல இருந்து மட்டும் எண்ணுங்க, அதுக்கு முன்னாடி சைபர். பாயசம் வந்துவிட்டது. பால் பாயசம், அடியில் லேசாகப் பிடித்திருந்தது, அந்த வாசனைகூட இப்போது வருகிறது, தயிர்சாதத்தின் புளிப்புக்கு மேலே. தெரியாது என்பதை இல்லை என்று எழுதி வைத்தாள். எழுதியதோடு நிற்காமல் அதற்கு மேல் ஒரு மாடி கட்டினாள், அந்த மாடியில் நின்றுதான் கைதட்டல் வாங்கினாள்.

நாச்சிமுத்து பொள்ளாச்சிப் பஸ் ஓட்டுகிறவர். பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவில் பாதி ஆயுளை ஸ்டியரிங்கில் கழித்தவர். குடல் ஓட்டை விழுந்து அங்கே ஒரு நர்சிங் ஹோமில் ஆபரேஷன் ஆகி, தேறுவார் தேறுவார் என்று அங்கேயே கிடந்து, கடைசியில் பிரஷர் விழுந்து மூச்சு முட்டி இங்கே வந்து சேர்ந்தார். வயிற்றில் தழும்பு இருந்தது, அதனால் ஆபரேஷனுக்கு ஒரு மார்க். இங்கே கொடுக்கிற மருந்துகளுக்கு ஒரு மார்க். வாசலுக்கு வெளியே நடந்த மீதிக்குச் சைபர். துளசிமணி அன்றைக்குத்தான் முதல்முறை அவளிடம் பேசினாள், பேசுகிற அறையில்கூட இல்லை, வழியில் நிறுத்திப் பேசினாள். மேடமுங்க, அங்க எங்கூட்டுக்காரருக்குக் கழுத்து வழியா வெள்ளையா ஒண்ணு ஏத்துனாங்க, பால் கணக்கா இருந்துச்சுங்க, தெனமும் ஒரு பை, அதச் சொல்லோணுமுன்னு நெனச்சனுங்க. பால் கணக்காக வெள்ளையாக, கழுத்து வழியாக, தினமும். முதல் வருஷ மாணவனுக்குக்கூடத் தெரியும் அது என்னவென்று. சாருமதிக்குத் தெரிந்தது. அந்தக் கணத்தில் தெரிந்தது, மனசுக்குள் ஏதோ ஒன்று திரும்பிப் பார்த்தது, அதை அவள் இப்போது மறைக்கப் போவதில்லை, தன்னிடம்கூட மறைத்தால் பிறகு எங்கே போவது. ஆனால் அன்றைக்கு இரண்டு அட்மிஷன் காத்திருந்தது, அந்தம்மாள் கையில் சீட்டு எதுவும் இல்லை. போயி அந்த ஆஸ்பத்திரிச் சீட்ட வாங்கியாரட்டுங்களா மேடமுங்க என்று துளசிமணி கேட்டாள். எவ்வளவு அன்பாகப் பதில் சொன்னாள் இவள்! தோளைத் தொட்டுச் சொன்னாள். அதெல்லாம் வேண்டாம்மா, அதனால ஒண்ணும் பிரச்சனை இல்லை, நீங்க அலையாதீங்க, இங்கயே இருங்க. துளசிமணியின் முகம் அப்படியே தளர்ந்து இறங்கியது, நிம்மதியில்.

மறுநாள் ரவுண்ட்ஸில் ரெஹானா. சின்னப் பெண், ஈரோட்டுப் பக்கம், பேசும்போது ஸ்டெதஸ்கோப்பின் வாலைத் திருகிக்கொண்டே பேசுவாள். மேடம், காய்ச்சல் இறங்கலை, யூரின்லயும் ஈஸ்ட் வந்திருக்கு, அவங்க வைஃப் வெளிய நரம்பு வழியா சாப்பாடு போயிருக்குன்னு சொல்றாங்க, பூஞ்சை மருந்து ஆரம்பிச்சிடலாமா? சாருமதி கேஸ் ஷீட்டைப் புரட்டினாள். எல்லாரும் நிற்கட்டும் என்று நின்றாள். யூரின்ல வர்றது வழக்கம்தானே, டியூப் போட்டிருக்கு. வெளிய போனதுக்குப் பேப்பர் இருக்கா? இல்ல மேடம். அப்ப ஸ்கோர் என்ன? ரெண்டு மேடம். ரெண்டு வந்தா நாம என்ன செய்வோம் டாக்டர் ரெஹானா? டாக்டர் என்ற சொல்லைக் கொஞ்சம் இழுத்தாள். சுற்றி நின்ற பிள்ளைகளில் ஒருவன் சிரித்தான். பொறுப்போம் மேடம் என்றாள் ரெஹானா, ஸ்டெதஸ்கோப்பின் வாலை விட்டுவிட்டாள். அந்தச் சிரிப்பைச் சாருமதி அடக்கியிருக்கலாம், அடக்கவில்லை, ரசித்தாள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று ஒரு பழமொழி வேறு சொல்லித் தொலைத்தாள் அன்று, கட்டில் முழுக்கக் குழாயோடு மயங்கிக் கிடக்கிற மனுஷனுக்கு முன்னால். அவர் பொறுத்தார். அவருக்கு வேறு வழியில்லை. இன்றைக்குப் போனில் மருந்தை ஆரம்பி என்றதும் ரெஹானா வேறெதுவும் கேட்கவில்லை. சரிங்க மேடம் என்றாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், சாருமதி கோபப்பட்டிருக்கலாம். கோபப்பட ஒரு ஆள் கிடைத்தால் வெட்கம் கொஞ்சம் நகர்ந்து உட்காரும். ரெஹானா அந்த இடத்தைக்கூடத் தரவில்லை.

டப்பாவை மூடினாள். கை கழுவினாள். கழுவிய கையில் சானிடைசர் விட்டு மறுபடி தேய்த்தாள், விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரலைச் சுற்றி. இல்லை சார். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? அவளுடைய குரல்தான், இருபத்திரண்டு வயசுக் குரல். கடைசி வருஷப் பரீட்சை, பெரிய வார்டு, ஜன்னலுக்கு வெளியே காக்காய்ச் சத்தம். வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர், மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்க்கிறவர், மண்ணீரல் தட்டுப்படுதா என்று கேட்டார். அவள் தொட்டுப் பார்க்கவில்லை. நெஞ்சைத் தட்டி, கல்லீரலை அளந்து, நாடியைப் பிடித்து, எல்லாம் செய்துவிட்டு அந்த இடது பக்கத்தை மறந்துவிட்டாள், நேரம் போய்விட்டது. தெரியாது சார், பார்க்கவில்லை என்றால் பெயில். இல்லை சார் என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இல்லை சார் என்றாள், கணீரென்று. கட்டிலில் சட்டையில்லாமல் கிடந்த ஆள், தலையில் முண்டாசு கட்டிய வண்டிக்காரர், அவளைத் திரும்பிப் பார்த்தார். தன் வயிற்றின் இடது பக்கத்தில் இவள் கை படவேயில்லை என்பது அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் எதுவும் சொல்லவில்லை. பரீட்சகர் தலையாட்டினார், நல்ல மார்க் போட்டார். அன்று மாலை காந்திபுரத்தில் தோழிகளோடு ரோஸ்மில்க் குடித்தபோது இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தெரியாதுன்னு மட்டும் சொல்லவே கூடாதுடி, இல்லைன்னு சொல்லு, அடிச்சு விடு. அதற்குப் பிறகு அவள் தெரியாது என்று எப்போதாவது சொல்லியிருக்கிறாளா? வீட்டில், புருஷனிடம், மகளிடம், இந்த வார்டில்? யோசித்தாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

படியில் இறங்கினாள், லிஃப்டில் யாராவது வணக்கம் வைப்பார்கள். என்ன சொல்வது துளசிமணியிடம்? சொல்வதற்கு எத்தனையோ வாக்கியம் உண்டு, அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். அம்மா, ரத்தத்துல புதுசா ஒரு கிருமி கலந்திருக்கு, அதுக்கு இன்னைக்கே மருந்து ஆரம்பிச்சுட்டோம். பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. இந்த மாதிரி நோயாளிகளுக்கு இது வரக்கூடியதுதான். அதுவும் நிஜம். வெளி ஆஸ்பத்திரியில் கழுத்து லைன் சரியாகப் பார்த்துக்கொள்ளாமல் வந்திருக்கலாம் என்றுகூடச் சொல்லலாம், சொல்லுகிறவர்கள் சொல்லுவார்கள், அதை மறுக்க யார் வரப்போகிறார்கள்? இது வேறு புத்தி. இந்தப் புத்தி எங்கேயிருந்து வருகிறது, இதையும் நான்தான் வளர்த்தேனா என்று படியில் நின்றுவிட்டாள். மெடிக்கல் சூப்பரின்டெண்ட் போன வருஷம் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார், நோயாளியோட ஆளுங்க முன்னாடி தப்பு என்கிற வார்த்தையை மட்டும் வாயில எடுக்காதீங்க, ஒரே வார்த்தைதான், கண்ணாடியை ஒடைச்சுடுவாங்க. நாச்சிமுத்துவுக்குக் கண்டக்டர் நண்பர் ஒருவர் தினமும் வருகிறார், காக்கிச் சட்டையோடு, கூடவே நாலைந்து டிரைவர்கள். அவர்கள் நல்லவர்கள்தான், வாசலில் இவளைப் பார்த்தால் எழுந்து நிற்பார்கள். எழுந்து நிற்கிற அந்தக் காக்கிச் சட்டைகளை நினைத்து அவளுக்குப் பயமாக இருந்தது. அவர்கள் அடிப்பார்கள் என்றுகூட இல்லை. இனிமேல் எழுந்து நிற்கமாட்டார்கள் என்ற பயம். சீ, இதற்கா பயப்படுகிறேன், அங்கே ஒரு உயிர் ஊசலாடுகிறது, எனக்கு என் மரியாதை கவலையாக இருக்கிறது. யானைக்கும் அடி சறுக்கும் என்று யாராவது ஆறுதல் சொல்ல வருவார்கள், நிச்சயமாக வருவார்கள். யானை சறுக்கினால் யானைதானே விழுகிறது. இங்கே சறுக்கியது ஒருத்தி, விழுந்து கிடப்பது இன்னொருவர்.

ஏழாம் பெட்டின் பக்கத்தில் நின்றாள். வென்டிலேட்டர் அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. டயாலிசிஸ் மெஷின் ஒரு பக்கம். புதுப் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது, மேலே ரெஹானாவின் சுத்தமான கையெழுத்தில் மருந்தின் பேர், சொட்டுச் சொட்டாக இறங்கியது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கண் டாக்டர் அப்போதுதான் பார்த்துவிட்டுப் போயிருந்தார், வலது கண்ணின் உள்ளே வெள்ளையாகப் பஞ்சுபோல இரண்டு புள்ளி, பூஞ்சை அங்கேயும் போய்விட்டது, பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று இப்போது சொல்ல முடியாது என்று எழுதியிருந்தார். பஸ் ஓட்டுகிறவரின் கண். இப்போது சொல்ல முடியாது. கண் டாக்டருக்கு எவ்வளவு சுலபமாக எழுத வருகிறது அந்த வாக்கியம். சாருமதி அவருடைய நெற்றியில் கை வைத்தாள், சுட்டது. கையுறை வழியாகவும் சுட்டது. வலது உள்ளங்கையில் ஸ்டியரிங் பிடித்த காய்ப்பு இன்னும் இருந்தது, உடம்பெல்லாம் நீர்கோத்து வீங்கியும் அது மட்டும் அப்படியே இருந்தது. நாச்சிமுத்து அண்ணா என்று கூப்பிட வேண்டும்போல இருந்தது. நோயாளிகளை அவள் அப்படிக் கூப்பிடுவதில்லை. இன்றைக்கு மட்டும் எந்த உரிமையில் கூப்பிடுவது? அப்போதுதான் அது வந்தது, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு முதுகில் பச்சைத் தண்ணீர் ஊற்றினாற்போல வந்தது. இவர் ஒருவர்தானா? இந்தக் கணக்கு வந்த பிறகு வெளி ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கட்டத்தில் சைபர், அவர்களில் எத்தனை பேர் காய்ச்சல் இறங்காமலே போனார்கள்? செப்சிஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். ரத்தக் கல்ச்சரில் பூஞ்சை பாதிப் பேருக்கு முளைக்கவே முளைக்காது, இருந்தும் தெரியாது. அதையும் இல்லை என்றுதான் எழுதினாள். உடுமலைப்பேட்டை ஆசிரியை ஒருவர் ஞாபகம் வந்தார், கையில் மருதாணியோடு வந்தவர். அவருக்கும் இரண்டு. இல்லை, மூன்றோ? இரண்டுதான். அந்த மருதாணி நினைவிருக்கிறது, மார்க் நினைவில்லை. எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது என்று உதடு அசைந்தது. பக்கத்து நர்ஸ், ஏதாச்சும் வேணுமா மேடம் என்றாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். பாருங்கள், மறுபடியும்.

ரெஹானா வந்து பக்கத்தில் நின்றாள். "மேடம், பேசற ரூம்ல அவங்க வந்து உக்காந்திருக்காங்க. நான் பேசட்டுமா? நீங்க காலையில இருந்து ஓடிக்கிட்டே இருக்கீங்க." அது கருணை. கருணையா, அல்லது அவள் எதையாவது மறைக்கப் போகிறாளென்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றிவிட்டதா? எதுவானாலும் கதவு திறந்திருந்தது, சரிம்மா நீயே பேசிடு என்ற மூன்று சொல்லில் தப்பித்துப் போயிருக்கலாம், ரெஹானா அழகாகப் பேசுவாள், துளசிமணி அழுவாள், அவளுக்குத் தண்ணீர் கொடுப்பார்கள். "ரெஹானா, நீ சொன்னது சரி. அன்னைக்கு உன்னை நிக்க வச்சு அப்படிக் கேட்டது அசிங்கம்" என்றாள் சாருமதி. அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். "நானும் இன்னும் ஒரு தரம் கேட்டிருக்கணும் மேடம்," என்றாள் மெதுவாக. அவளும்! எல்லாரும் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள், தப்பு முழுசும் சேர வேண்டியவள் மட்டும் படியில் நின்று வாக்கியம் பொறுக்குகிறாள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தாள்.

பேசுகிற அறை சின்னது. மூன்று நாற்காலி, சுவரில் ஒரு பிள்ளையார் காலண்டர், ஏசி தண்ணீர் சொட்டுவதற்குக் கீழே ஒரு வாளி. துளசிமணி வயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்திருந்தாள், இங்கே அப்படி விட வேண்டியதில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை. சாருமதி வழக்கமாக உட்காரும் எதிர் நாற்காலியை விட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ரத்தத்தில் பூஞ்சை வந்திருப்பதைச் சொன்னாள். கண்ணைச் சொன்னாள். மருந்து இன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்பதையும் சொன்னாள். துளசிமணி அழவில்லை. கூடையின் பிடியை இறுக்கிக்கொண்டாள்.

"இது எதுனால வந்துச்சுங்க மேடமுங்க?"

"நரம்பு வழியா சத்து ஏத்துனா வர்றதுக்கு நெறைய வாய்ப்பு உண்டும்மா."

"அந்த வெள்ளத் தண்ணியாலீங்களா?" துளசிமணி கொஞ்ச நேரம் பிள்ளையாரைப் பார்த்தாள். "அப்ப என்ற தப்புதானுங்க. நான் இன்னும் வெவரமாச் சொல்லியிருக்கோணும். எனக்குப் பேரு தெரியாதுங்க, பாலுன்னு சொன்னா டாக்டருக்கு எப்படிங்க வெளங்கும். உங்களுக்கு இருக்கற சோலியில நானும் நடுவழியில நிறுத்தி ஒளறிட்டுப் போயிட்டனுங்க."

சாருமதிக்கு அந்தக் கணத்தில் ஓடிவிட வேண்டும்போல இருந்தது. இது கிடைத்தது. யாரும் கேட்காமலே, தட்டில் வைத்து, முழுப் பூசணிக்காயையும் வாங்கி மடியில் வைத்துக்கொள்ள ஒருத்தி தயாராக இருக்கிறாள். சும்மா இருந்தால் போதும். பரவாயில்லம்மா என்றால் போதும். பரீட்சைக் கட்டிலில் கிடந்த அந்த வண்டிக்காரர் மறுபடி திரும்பிப் பார்த்தார். வாளியில் ஏசித் தண்ணீர் சொட்டியது.

"இல்லம்மா," என்றாள். பிறகு அந்தச் சொல்லே பிடிக்காமல் மறுபடி ஆரம்பித்தாள். "நீங்க சரியாத்தான் சொன்னீங்க. எனக்கு அப்பவே வெளங்குச்சு. பால் கணக்கான்னு நீங்க சொன்னதுமே அது என்னன்னு எனக்குத் தெரியும். பேப்பர் இல்லைன்னு நான் அதைக் கணக்குல சேர்க்கலை. எங்க வார்டுப் பொண்ணு, டாக்டர் ரெஹானா, அன்னைக்கே மருந்து போடலாம்னு கேட்டுச்சு. நான்தான் வேண்டாம்னு சொன்னேன். தப்பு என்னோடதும்மா. உங்களோடது ஒண்ணும் கிடையாது."

துளசிமணி அவளையே பார்த்தாள். கோபம் வரும் என்று சாருமதி காத்திருந்தாள், வந்தால் நல்லது என்று நினைத்தாள். முகத்தில் கோபம் வரவில்லை. கூட்டல் சரியாக வராதபோது மறுபடி முதலிலிருந்து பார்க்கிறவளைப்போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இருந்தாள். அன்றைக்குத் தோளைத் தொட்ட கையை இன்று எங்கே வைப்பது என்று சாருமதிக்குத் தெரியவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"பொழைச்சுக்குவாருங்களா?"

எப்போதும் கேட்கிற கேள்வி. இதற்கு அவளிடம் சதவீதம் உண்டு, முயற்சி செய்கிறோம் உண்டு, கடவுள்மேல் பாரத்தைப் போடுங்கள்கூட உண்டு. "தெரியலம்மா," என்றாள் சாருமதி. "எனக்குத் தெரியலை."

வெளியே பார்வையாளர் நேரத்துக்கு மணி அடித்தது, காக்கிச் சட்டைகள் நாற்காலியிலிருந்து எழும் சத்தம் கேட்டது. துளசிமணி எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். கதவு வரைக்கும் போனவள் திரும்பினாள். குரல் உயரவே இல்லை.

"இதே வார்த்தைய அன்னைக்குச் சொல்லியிருந்தீங்கன்னா, தெரியலம்மா, போய்ச் சீட்ட வாங்கிட்டு வான்னு ஒரு வார்த்தை, நான் போயிருப்பனுங்களே மேடமுங்க. நான் போவாட்டியும் பரவால்லீங்க, எங்கூட்டுக்காரரு ஓட்டுற பஸ்ஸேதானுங்க அங்க போகுது. கண்டக்டருகிட்டச் சொல்லியிருந்தா, அடுத்த டிரிப்புலயே வாங்கியாந்து உங்க கையில குடுத்திருப்பாருங்களே."